பதினெட்டாவது கேள்வி

வியாழக்கிழமை வந்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது தானாகத் தீட்டிக்கொள்ளும். வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இப்போது மகன் வீட்டில், ஐந்தாவது மாடியில், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. "எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் தாருங்கள்" என்று கைபேசியில் செய்தி வரும்போதெல்லாம் சிரித்துக்கொள்வாள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்களா இவர்கள்? கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் கொஞ்சம் நிற்கக்கூடத் தெரியவில்லை. அவள் ஒன்பது வருடம் கேள்வி கேட்டே சோறு தின்றவள். வீட்டுக்காரர் அவளுக்கு வைத்த பேரே கேள்விக்காரி.

அவர் சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். "நான் துணியை அளக்கறேன், இவ மனுஷங்க மனசை அளக்கறா. எனக்காவது கையில ஒரு டேப் இருக்கு," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

டேப் அவளிடமும் இருந்தது. மஞ்சள் தாளில் அச்சடித்த பதினேழு கேள்விகள். பல்கலைக்கழகத்தின் மனநல ஆராய்ச்சிப் பிரிவில், மூன்றாவது மாடியின் கோடியில், முன்பு சாமான் அறையாக இருந்த இடத்தில் இரண்டு மேசை, இரண்டு தொலைபேசி, ஒரு மண்பானை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் போனில் கேட்டுவிடும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பார்கள். அந்தப் புழுக்கத்தையும் பென்சில் சீவிய மர வாசனையையும் இப்போது நினைத்தால்கூட அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகும்.

அப்போது நடந்த ஆராய்ச்சி இருமுனை நோயைப் பற்றியது. பைபோலார் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஒரு காலம் ஆளைத் தரையோடு தரையாகப் போட்டு அழுத்தும், இன்னொரு காலம் இறக்கை கட்டிவிட்டு ஆகாயத்தில் தூக்கும். அப்படிப்பட்டவர்கள் எண்பத்துநான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் மாத்திரை உண்டு. அதில் பாதிப் பேருக்கு மட்டும் மாத்திரையோடு வகுப்பும் உண்டு. ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுவது எப்படி, நோய் திரும்பி வருகிறது என்பதை அது வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்டுபிடிப்பது எப்படி, அப்போது வீட்டில் இருக்கிறவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இருபத்தோரு வகுப்பு. மாத்திரை மட்டும் போதுமா, இந்தப் பேச்சும் சேர்ந்தால் நோய் திரும்பி வருவது குறையுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நான்கு வருடப் பாடு.

யார் வகுப்புக்குப் போகிறவர், யார் மாத்திரை மட்டும் என்பது கேள்வி கேட்கிறவர்களுக்குத் தெரியவே கூடாது. "தெரிஞ்சுட்டா உங்க காது சாஞ்சுடும். வகுப்புக்குப் போறவரு இருமினாக்கூட நல்லா இருமுறாருன்னு எழுதிடுவீங்க," என்று பேராசிரியர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பெயரும் கிடையாது, எண் மட்டும்தான். போனை எடுத்ததும், எந்தக் குழு என்பதைத் தயவுசெய்து சொல்ல வேண்டாம் என்று வாசித்த பிறகுதான் முதல் கேள்வி. வகுப்பெடுக்கிறவர்கள் கீழே முதல் மாடியில் இருந்தார்கள். அவர்கள் முன் படிக்கட்டு, இவர்கள் பின் படிக்கட்டு. சாப்பாட்டு நேரமும் வேறு. ஒருமுறை லிஃப்டில் வகுப்பாசிரியர் ஒருவரும் இவளும் தப்பித்தவறி அகப்பட்டுக்கொண்டார்கள். முதல் மாடி வந்து அவர் இறங்கும்வரை சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நின்றார்கள்.

இத்தனைக்கும் மீறி யாராவது வாய்தவறி உளறிவிட்டால், அந்த அறையில் அதற்கு "முட்டை உடைஞ்சுடுச்சு" என்று பேர். உடனே ரோஸ் சீட்டு எழுத வேண்டும். உளறியவரின் எண் பக்கத்து மேசைக்குப் போய்விடும். அதன்பின் அவரைப் பற்றி இந்த மேசை கேட்கவும் கூடாது, அந்த மேசை சொல்லவும் கூடாது.

பக்கத்து மேசையில் இருந்தவர் ஸ்கேல் சார். பரீட்சை ஹாலில் இருபது வருடம் மேற்பார்வை பார்த்துவிட்டு வந்தவர். அவர் நடந்துபோனால் தரையில் கோடு விழும் என்று பியூன் சொல்லுவார். கேள்வியில் ஒரு அரைப்புள்ளியைக்கூட விடமாட்டார். நாற்பத்தொன்றாம் எண் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர். வாரா வாரம், "ஒன்பதாவது கேள்வி ரெண்டு கேள்வியா இருக்கு சார், எதுக்கு பதில் சொல்ல?" என்று கேட்பார். ஸ்கேல் சாரும் வாரா வாரம், "கேள்வியை மறுபடி வாசிக்கிறேன்," என்று சொல்லி மறுபடி வாசிப்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று வாரம் பயிற்சி. எப்படிக் கேட்பது என்பதைவிட என்ன சொல்லக்கூடாது என்பதுதான் அதில் அதிகம். அய்யோ கூடாது, பாவம் கூடாது, சரியாப்போயிடும் கூடவே கூடாது. ஆறுதல் சொன்னால் அடுத்த வாரம் அந்த ஆறுதலுக்காகவே பதில் மாறிவிடும். கேள்வியை வாசி, ஐந்து எண்ணும்வரை காத்திரு, பதில் வராவிட்டால் மறுபடி வாசி. "ம்" மட்டும் சொல்லலாம். அந்த ஒற்றை "ம்"மில் அவள் எத்தனையோ விதம் கற்றுக்கொண்டாள். வீட்டிலும் அதே "ம்" வந்தபோது வீட்டுக்காரர், "எனக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

தனக்கும் இந்த நோய்க்கும் பழைய பழக்கம் உண்டு என்பதை அவள் அந்த அறையில் யாரிடமும் சொன்னதில்லை. அவளுடைய அண்ணன் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பான். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பேர். பிறகு ஒரு நாள் விசிலடித்துக்கொண்டு எழுந்திருப்பான். அவளுக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அப்படி எழுந்தவன் இரண்டே நாளில் வீடு முழுக்க மஞ்சள் பெயிண்ட் அடித்தான், கதவு ஜன்னல் உட்பட. இவள்தான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு கூடவே அலைந்தாள். "என்னண்ணா—" என்று இவள் தொடங்குவதற்குள் பதில் வந்துவிடும், அதுவும் மூன்று பதிலாக. தெருவே வந்து பார்த்தது. அம்மா, பிள்ளை தேறிவிட்டான் என்று அழுதாள். அவளுடைய சின்ன வயதில் அதைவிடச் சந்தோஷமான இரண்டு நாள் கிடையாது. அதை இன்றைக்கும் அவள் மறுக்கமாட்டாள். அதற்கடுத்து வந்த இருட்டை அண்ணன் தாண்டவில்லை. மஞ்சள் மட்டும் சுவரில் வெகுகாலம் இருந்தது.

இருபத்தேழாம் எண் அவளுடைய மேசைக்கு வந்தது ஆராய்ச்சியின் முதல் வருடத்தில். லிஃப்ட் மெக்கானிக். அது அவரே சொன்னது. நான்காவது கேள்வி வேலையைப் பற்றியது. "லிஃப்ட்டு மேல போகும், கீழ வரும் மேடம். என்னை மாதிரியேதான். ஆனா அதுக்கு பிரேக் இருக்கு," என்றார். சிரிக்கக்கூடாது என்பது விதி. அவள் "ம்" என்றாள். அது சிரித்த "ம்" என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டு வருடத்தில் அந்தக் குரலின் எல்லாத் தட்பவெப்பமும் அவளுக்கு அத்துப்படியாகிவிட்டது. நடுவில் எட்டு மாதம் அவர் அடியில் கிடந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து எண்ணி, பத்து எண்ணி, சில வாரம் முப்பதுவரை எண்ணியிருக்கிறாள். அந்தப் பக்கம் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கும். குக்கர் விசில் கேட்கும். ஒரு பெண்குரல், "போன்ல இருக்காங்க, பேசுங்கண்ணா," என்று மெதுவாகச் சொல்வது கேட்கும். "இருக்கேன் மேடம்," என்பார் கடைசியில். பதினான்கு நிமிடத்தில் முடிய வேண்டிய பேச்சு அவருக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஆகும். ஸ்கேல் சார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். வாயால் கொடுக்க முடியாததை அவள் அந்தக் காத்திருப்பில் கொடுத்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிறகு மெல்ல மெல்ல அவர் ஏறிவந்தார். முப்பது இருபதாகி, இருபது பத்தாகி, ஐந்துக்குள் வந்தது. வேலைக்குத் திரும்பிப் போனார். அவள் வீட்டுக்குப் போய் அன்றைக்குக் காரணம் சொல்லாமல் பாயசம் வைத்தாள்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவரை அழைத்தாள்.

"கடந்த ஏழு நாட்களில், நாளொன்றுக்குச் சராசரியாக எத்தனை—"

"ஆறு மணி நேரம் தூங்கறேன் மேடம். ஆறரைன்னே போட்டுக்குங்க."

"வழக்கத்தைவிட அதிகமாகப் பேச வேண்டும் என்று—"

"இல்ல மேடம். அடுத்தது?"

இரண்டு வருடமாக வாரா வாரம் கேட்டவருக்குக் கேள்விகள் மனப்பாடம். எந்தப் பதிலுக்கு எவ்வளவு எண் விழும் என்பதும் தெரியும். எல்லாம் கூட்டிப் பன்னிரண்டைத் தாண்டினால் தாளில் சிவப்புக் கட்டம், உடனே டாக்டருக்குத் தகவல். அவருடைய கூட்டுத்தொகை ஐந்து. இதைவிட நல்ல தாள் கிடையாது. அவள் ஆறு நிமிடத்தில் பதினேழாவது கேள்விக்கு வந்துவிட்டாள். அதில் ஒன்றைக்கூட அவளால் முழுசாக வாசிக்க முடியவில்லை.

முடித்ததும் அவரே சொன்னார். நாளைக்குப் புதுக் கட்டடம், பதினெட்டு மாடி. மூன்று பேர் பார்க்கிற வேலை. கூட வருகிறவர்கள் எல்லாம் ஆமை. "நீங்க வீட்லயே இருங்கப்பான்னுட்டேன். நான் ஒருத்தனே ஏறி முடிச்சுடுவேன் மேடம்."

லிஃப்ட் இல்லாத லிஃப்டுக் குழி எப்படி இருக்கும் என்று அவள் பார்த்ததில்லை. ஆனால் அதற்குத் தரை வெகு கீழே இருக்கும் என்று தெரியும். தாளில் மீதி இருந்தது ஒரே வரி: "நன்றி, அடுத்த வியாழக்கிழமை பேசுகிறேன்." அதை வாசித்தால் வேலை முடிந்தது. தாள் சுத்தம், அவள் கையும் சுத்தம். குரலின் வேகத்துக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது. கீழே போய்ப் பேராசிரியர் அம்மாவிடம் சொன்னால், "எண்ணு என்ன சொல்லுது?" என்றுதான் கேட்பார். எண் ஐந்து.

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பக்கம் சற்று நின்றது. பக்கத்து மேசையில் ஸ்கேல் சாரின் பென்சிலும் நின்றது.

"தங்கச்சி இருக்கா. ஏன் மேடம்?"

"கொஞ்சம் குடுங்க."

தங்கை வந்தாள். கேள்விக்காரி, தான் டாக்டர் இல்லை, வெறும் கேள்வி கேட்கிறவள் என்று முதலில் சொல்லிக்கொண்டாள். "ரெண்டு வருஷமா உங்க அண்ணன் பேச்சைக் கேட்டுட்டிருக்கேன்மா. இன்னிக்கு ஒரு கேள்வியைக்கூட என்னை முடிக்க விடலை. நீங்க பக்கத்துல இருக்கீங்க. உங்களுக்கு எப்படித் தோணுது?"

தங்கை பேசவில்லை. ஐந்து, பத்து, பதினைந்து. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"மூணு நாளா நானும் பாத்துட்டுதான் இருக்கேன் மேடம். எட்டு மாசம் கழிச்சு இப்பதான் சிரிக்கறாரு. அதைப் போய் நான் எப்படி…"

"எங்க வீட்லயும் அப்படித்தான் விட்டுட்டோம்," என்றாள் கேள்விக்காரி. எந்தத் தாளிலும் இல்லாத வாக்கியம் அது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

தங்கை மூச்சை இழுத்துவிட்டது கேட்டது. "கிளாஸ்ல அவரையே ஒரு பட்டியல் எழுதச் சொன்னாங்க மேடம், இதெல்லாம் வந்தா உஷாரா இருக்கணும்னு. சமையலறை அலமாரிக் கதவுல ஒட்டி வெச்சிருக்கேன். மூணாவதா அவர் கையெழுத்துலயே இருக்கு, 'யாரையும் பேசி முடிக்க விடமாட்டேன்'னு. தினமும் அதைத் திறந்து சாப்பாட்டுத் தட்டு எடுக்கறேன். பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்."

முட்டை உடைந்துவிட்டது. கேள்விக்காரிக்கு அது கேட்டது. ஆனால் அப்போது அதைப் பொறுக்கி எடுக்க நேரமில்லை.

தங்கை ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கேள்விக்காரி காதை எடுக்கவில்லை. அலமாரிக் கதவு திறக்கும் சத்தம். அண்ணனின் குரல் ஏறியது. அவளுக்கு என்ன தெரியும், இவளுக்கு என்ன தெரியும், உலகத்துக்கே என்ன தெரியும் என்று போனது. தங்கை ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "இது நான் எழுதினது இல்லண்ணா. நீங்க எழுதினது." அப்புறம் ஒரு நீண்ட மௌனம். அது எந்த வகை மௌனம் என்று அந்த ஒரு தடவை மட்டும் அவளால் கணிக்க முடியவில்லை. சாவிக்கொத்து ஒன்று மரத்தின்மேல் விழுந்தது.

தங்கை திரும்பி வந்தாள். அழுதிருந்தாள். "பைக் சாவி, வேலைச் சாவி எல்லாம் குடுத்துட்டாரு மேடம். பட்டியல்ல அடுத்து டாக்டர் நம்பர். கூப்பிடறேன். வெச்சுடட்டுமா?"

"வெச்சுடுங்கம்மா," என்றாள் கேள்விக்காரி.

ஸ்கேல் சார் தண்ணீர் மொண்டு அவள் மேசையில் வைத்தார். "உடைஞ்சுதா?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் ரோஸ் சீட்டுக் கட்டை எடுத்துத் தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போய் நாற்பத்தொன்றை அழைத்தார்.

அவள் உடனே எழுதவில்லை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெட்கமில்லை. மாலை நாலு மணிவரை அந்தக் கட்டு அப்படியே கிடந்தது. எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஸ்கேல் சார் எதற்காகவும் விதியை மீறமாட்டார். ஆனால் அடுத்தவர் சீட்டை எழுதுவதும் அவர் விதியில் இல்லை. எழுதினால் இருபத்தேழு போய்விடும். முப்பதுவரை எண்ணிக் காத்திருந்த குரல், தடுமாறி நிற்கிற நேரத்தில் கையை விட்டுப் போகும். அடுத்த வாரம் அவர் ஆஸ்பத்திரியிலா வீட்டிலா, அதைக்கூட அவள் கேட்க முடியாது.

ஆனால் அவளுடைய காது சாய்ந்துவிட்டது. இனி அவர் ஐந்து என்று சொன்னால் மூன்று என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதின ஒரு எண்ணால் மொத்தமும் கெட்டு, வகுப்பால் ஒரு பிரயோசனமும் இல்லை என்றோ, ஆகா ஓகோ என்றோ பொய்யாக முடிவு வந்துவிட்டால்? அந்த அலமாரிக் கதவுப் பட்டியல் மாதிரி ஒன்று, மஞ்சள் பெயிண்ட் அடித்த ஒரு வீட்டில் இருந்திருக்கலாம். இனி எத்தனை வீட்டுக்கு அது போகும், போகாது என்பது இந்தத் தாள்களில்தான் இருக்கிறது. அவள் சீட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எண் இருபத்தேழு. காரணம்: நான் கேட்ட பதினெட்டாவது கேள்வி.

பேராசிரியர் அம்மா கூப்பிட்டனுப்பிப் பத்து நிமிடம் திட்டினார். நீங்கள் கேட்டது தவறு, கேட்க வேண்டுமென்றால் என்னிடம் வந்திருக்க வேண்டும், மற்ற எண்பத்துமூன்று பேருக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். திட்டி முடித்ததும் அந்த அம்மா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டார்.

"உக்காருங்க. ஒவ்வொரு கேள்வியிலயும் எத்தனையாவது வார்த்தையில அவர் பதில் சொல்ல ஆரம்பிச்சார்? ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இருட்டும்வரை சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமைகள்தான் கஷ்டம். பதினொரு மணிக்கு ஸ்கேல் சார் இருபத்தேழை அழைப்பார். இரண்டு வாரம் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "பதில் இல்லை" என்று எழுதினார். மூன்றாவது வாரம் யாரோ எடுத்தார்கள், இரண்டே சொல்லில் வைத்துவிட்டார்கள். நான்காவது வாரம் ஸ்கேல் சார் பதினேழு கேள்வியையும் வாசித்தார். அவளுக்கு அவர் பக்கம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்காரரிடம் புலம்பினாள். "அடுத்த வீட்டுக் கல்யாணத்துல மேளம் மட்டும் கேட்டா என்ன, கல்யாணம் நடக்குதுன்னுதானே அர்த்தம்," என்றார் அவர். ஒட்டாத உதாரணம்தான். இருந்தாலும் அன்றைக்கு அதுதான் அவளைத் தூங்கவைத்தது.

ஐந்தாவது வாரம் ஸ்கேல் சார் போனை வைத்தார். தாளைக் கூட்டினார், கோப்பில் செருகினார், எழுந்துபோய் இத்தனை வருடத்தில் திறக்காத ஜன்னலைத் திறந்தார். தொட்டியைப் பார்த்துப் பேசினார்.

"சில பேரு ஏணி, குழி எல்லாத்தையும் விட்டுட்டுப் பட்டறையில உக்காந்து மோட்டாருக்குக் காயில் சுத்தறாங்க. காலையில ஒம்பது, சாயங்காலம் அஞ்சு. ஒரே சலிப்பா இருக்குங்கறாங்க. சலிப்புக்கு நம்ம தாள்ல கட்டம் இல்ல. என்னத்தை எழுதறது?"

சலிப்பு. அவளுடைய அண்ணனுக்கு வாய்க்காத ஒன்று அது.

"சலிப்பா இருந்தா நல்லதுதானே சார்," என்றாள் கொஞ்சம் கழித்து.

"நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலை," என்றார் ஸ்கேல் சார்.

"நானும் உங்களை ஒண்ணும் கேக்கலை," என்றாள் அவள்.